மேல்பாதியை மறைத்துப் பார்ப்பவர்

என் கணவர் ஓர்வில் ஸ்டபில்ஃபீல்டுக்கு முகங்கள் ஞாபகம் இருக்காது. எங்கள் மெத்தடிஸ்ட் சர்ச்சில் பதினெட்டு வருஷமாக எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காரும் பல் டாக்டரை ஒருநாள் மருந்துக்கடை வாசலில் பார்த்துவிட்டு, யார் இவர் என்று என்னிடம் கேட்டார். நான் பெயரைச் சொன்னேன்.

"அடடே, உக்காந்தே பாத்திருக்கேன், அதான் தெரியல" என்றார். டாக்டர் எங்களைத் தாண்டி நடந்து போனதும் என் காதருகே குனிந்து, "வலது இடுப்புல ஏதோ கோளாறு இருக்கு நதீன். சீக்கிரம் காட்டச் சொல்லு" என்றார். அடுத்த வசந்தத்தில் டாக்டருக்கு அதே இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. கேட்டவர்கள் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். இப்படிப்பட்ட ஒருவரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. கடுகடுப்பாக இருக்கிற நாளில் நான் அடுப்படியில் நடக்கிற நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டு, சாப்பிட வராமல் கொட்டகைக்குப் போய்விடுவார்.

அவர் தொழில் ஆள் பார்ப்பது. வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருக்கும் ஃபுட்பால் அணிக்காக ஆர்கன்சா, மிசிசிப்பி, லூசியானா என்று மூன்று மாநிலங்களில் கல்லூரி கல்லூரியாகப் போய், சம்பளத்துக்கு ஆடத் தகுதியான பையன் எவன் என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் ஃபுட்பாலில் பந்தைக் காலால் உதைப்பது குறைவு. கையால் எறிந்து, பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். ஆகஸ்டில் காரை எடுத்தாரென்றால் டிசம்பர் வரை அவருக்கு வீடு என்பது துணி மாற்றிக்கொள்ளும் இடம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அழுக்கு மூட்டையோடு வந்து வெளுத்த மூட்டையோடு போவார்.

அவருக்கு எழுத வராது. எழுதினால் அவருக்கே படிக்க வராது. அதனால் காரின் பக்கத்து சீட்டில் ஒரு கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, ஓட்டியபடியே பேசிப் பதிவு செய்து, எந்த ஊரில் தபாலாபீஸ் கண்ணில் படுகிறதோ அங்கிருந்து எனக்கு அனுப்பிவிடுவார். செவ்வாய்க்கிழமை வந்து சேரும். நான் சமையலறை மேஜையில் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அடித்து வடக்கே அனுப்புவேன். கல்யாணத்துக்கு முன் நான் மாவட்டக் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை அடிக்கிற வேலையில் இருந்தேன். சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும், நம் சரக்கைச் சேர்க்கக்கூடாது. சாட்சி பேசாமல் இருந்தால் 'மௌனம்' என்று அடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு விரல் நுனியில் ஊறிப்போனது.

இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பையன்களை அடித்திருப்பேனோ, கணக்கில்லை. ஒருவனைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆட்டம் பார்க்கவும் எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டைச் சுற்றி நெல்வயல்கள். அறுப்பு முடிந்ததும் வாத்துகளுக்காகத் தண்ணீரைப் பாய்ச்சி விட்டுவிடுவார்கள். அக்டோபர் காலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எது தண்ணீர், எது வானம் என்று சொல்ல முடியாது. வீடே எங்கோ மிதந்து போய்க்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். அதற்குள் உட்கார்ந்து, காதில் ஓர்விலின் குரலை வாங்கி விரல் வழியாக விடுவேன். முழங்கால், கணுக்கால், இடுப்பு, பாதம். அடித்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டால் கனவில் கால்கள் வரும். தலையில்லாத, பெயரில்லாத கால்கள் தண்ணீர்மேல் சத்தமில்லாமல் ஓடும். பயமாகவே இருக்காது. முழித்துப் பார்த்தால் பாதி வரியில் விரல் நின்றிருக்கும்.

ஒவ்வொரு டேப்பின் கடைசியிலும் எனக்கென்று கொஞ்சம் இருக்கும். பையன்களைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு நிமிஷம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம், "நதீன், கூரைக்கு ஆள் வந்தானா?" என்று ஆரம்பிப்பார். "நாட்செஸ்ல ஒரு கடைல கேட்ஃபிஷ் மீன் வறுத்துக் குடுத்தான். நல்லாத்தான் இருந்துது. உன்னளவு இல்லன்னு வச்சுக்கோ, நீ எதிர்ல இல்லங்கிறதால பொய் சொல்லல" என்பார். நேரில் இருக்கும்போது இவ்வளவு பேசமாட்டார். சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்பதோடு சரி. அந்தக் கடைசிப் பகுதியை நான் அடிப்பதில்லை. இரண்டு தடவை கேட்பேன்.

அவர் பார்க்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். வீட்டின் பின்னறைச் சுவரில் படச்சுருளை ஓட்டிப் பார்ப்பார். அதற்கு முன்னால் என் தையல் பெட்டியிலிருந்து துணி வெட்டும் மாதிரிக் காகிதத்தை ஒரு முழம் கிழித்து, புரொஜெக்டர் கண்ணாடிக்கு முன்னே ஒரு கம்பியில் தொங்கவிட்டு, படத்தின் மேல்பாதியை மறைத்துவிடுவார். ஆட்டக்காரர்கள் எல்லாரும் இடுப்புக்குக் கீழேதான் தெரிவார்கள்.

"கண்ணு பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும். கைய நம்பவே கூடாது" என்று ஒருமுறை சொன்னார். "இடுப்புக்கு மட்டும் பொய் சொல்ல வராது."

"எனக்குப் பாவாடை தைக்கக் காகிதம் இல்ல" என்றேன் நான்.

மேல்பாதி இல்லாமல் பார்ப்பதற்கு அவருக்கு மிகவும் பிடித்தது கார்னர்பேக் என்கிற ஆள். மைதானத்தின் ஓரத்தில் தனியாக நிற்பவன். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடி வருகிறவனைப் பார்த்தபடியே, அவனுக்கு முன்னால் பின்பக்கமாக ஓட வேண்டும். அவன் எந்தத் திசையில் ஒடித்துத் திரும்புகிறானோ அந்தக் கணமே தானும் திரும்ப வேண்டும். அரைக்கணம் தவறினால் அத்தனை ஊரும் பார்க்க மானம் போய்விடும். இன்னொன்று, இவன் வேலையைச் சரியாகச் செய்தால் பந்து இவன் பக்கம் வரவே வராது. சரியாக ஆடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. ஓர்விலுக்கு இதில் ஏதோ ஒரு சொந்தம் இருந்தது என்று நினைக்கிறேன்.

வடக்கே அவருடைய மேலதிகாரி கெஸிங்கர். ஆள் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு பையன்மேல் காரணமில்லாமல் பாசம் விழுந்துவிடும். அந்தப் பையனைத் 'தன் பூனை' என்பார்கள். கூட்டத்தில் எல்லார் பூனையையும் எல்லாரும் கிண்டல் செய்வார்கள். எழுபத்தொன்பதில் ஓர்வில் மேஜையைத் தட்டி வாங்கிக் கொடுத்த பூனை, பயிற்சி முகாமுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பேருந்து ஏறிப் போய்விட்டது. அதற்கப்புறம் கூட்டத்தில் ஓர்வில் எழுந்தாலே கெஸிங்கர் 'மியாவ்' என்பாராம். ஓர்வில் இதை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வருஷத்திலிருந்து அவர் டேப்புகள் மாறிப்போயின. யாரையும் தூக்கிச் சொல்வதில்லை, யாரையும் தள்ளியும் சொல்வதில்லை. எல்லாப் பையன்களும் ஒரே அளவில் வந்தார்கள். அடிக்கும் எனக்கே தூக்கம் வந்தது. பயந்துபோன ஒரு மனிதர் என் மேஜையில் உட்கார்ந்து உப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், ஆனால் கோபம்தான் வந்தது. நான் அப்படித்தான்.

எண்பத்து மூன்று அக்டோபரில் ஒரு ஞாயிறு. லூசியானாவில் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வாங்கி வந்த சுருளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மத்தியானமா சாயங்காலமா என்று தெரியாத ஒரு வெளிச்சம். ஒரே துண்டை முன்னும் பின்னும் ஓட்டுகிற சத்தம் இரண்டு மணி நேரமாகக் கேட்டது. அப்புறம் அவரே சமையலறைக்கு வந்து, தட்டுகூட எடுக்காமல் சோளரொட்டியைக் கையில் பிட்டு நின்றபடியே சாப்பிட்டார். பார்வை என்மேல் இல்லை.

"யாரு?" என்றேன்.

"தெரியல. இடது ஓரத்துல நிக்கறவன்."

"நம்பர் என்ன?"

"நம்பர் நெஞ்சுல இருக்கும். காகிதத்த எடுத்தாத்தான் தெரியும்."

"எடுத்துப் பாரேன்."

கொஞ்ச நேரம் ரொட்டியை மென்றார். "இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் நதீன்" என்றார். கல்யாணமான புதிதில் நான் கேட்ட குரல் அது. நான் மறுபடி பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டேன், என் முகத்தை அவர் பார்க்கக்கூடாது என்று.

பையன் பெயர் ஆர்டெல் மெட்டோயர். அடுத்த வாரம் அவனை நேரில் பார்க்கப் போனார்.

அதற்கடுத்த செவ்வாய் நல்ல மழை. டேப் வந்தது. முதலில் மூன்று பையன்கள். நாலாவதாக ஆர்டெல் மெட்டோயர், கார்னர்பேக், உயரம் ஐந்தடி எட்டரை அங்குலம். மதிப்பெண் நாலு புள்ளி எட்டு. ஒன்பதுக்கு அது எவ்வளவு என்பது முக்கியமில்லை. ஐந்துக்குக் கீழே போனால் அந்தப் பையனைப் பற்றி வடக்கே யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். காரணம், உயரம் அணியின் அளவுக்குக் குறைவு. கார்னர்பேக் ஐந்தடி பத்துக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது கெஸிங்கரின் சட்டம். ஓர்வில் அதை மளிகைக் கடைச் சீட்டு படிப்பது மாதிரி படித்து முடித்தார். இரண்டு பக்கம்தான். நான் தாளை உருவி வைத்துவிட்டு, எனக்கான பகுதிக்காகக் காத்திருந்தேன்.

கூரையைப் பற்றி எதுவும் வரவில்லை. கார் கண்ணாடியில் துடைப்பான் போகிற சத்தம் மட்டும் வந்தது. அங்கேயும் மழை. ரொம்ப நேரம் கழித்துப் பேசினார்.

"நதீன், அந்தப் பையனப் பாத்தேன். காலைல ஏழரைக்கு அளக்கறேன்னு சொல்லியிருந்தேன். ஆளக் காணோம். பாத்தா ஒரு பிக்கப் வண்டி மெதுவா வருது, பின்னாடி மெத்தையப் போட்டு அதுல மல்லாந்து படுத்திருக்கான். முந்தின நாள் மத்தியானத்துலேர்ந்து எழுந்திரிக்கவே இல்லையாம். நின்னா, நடந்தா, முதுகெலும்பு அமுங்கி உயரம் கொறையும்னு எவனோ சொல்லியிருக்கான். சாப்பாடும் படுத்துக்கிட்டே. சட்டையெல்லாம் ஜாம். ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து செவுத்தோட நிறுத்தினாங்க. பென்சில் கோடு போட்டேன். திரும்பிப் பாத்துட்டு, 'சார், இன்னொரு வாட்டி அளக்கலாமா'ன்னான். மூணு வாட்டி அளந்தேன் நதீன். கோடு அங்கயேதான் நிக்குது."

துடைப்பான் சத்தம்.

"அப்புறம் மைதானத்துக்குப் போனோம். எதிர்ல ஓடறவன் எந்தப் பக்கம் போறதுன்னு அவனே முடிவு பண்ணல, அதுக்குள்ள இவன் இடுப்பு திரும்பிடுது. அவசரமே இல்ல. நம்ம வயல்ல மடையத் திறந்தா தண்ணி தானா திரும்புமே, அது மாதிரி. எனக்கு அழுகை வந்துடுச்சு. கோச்சு பாத்துடப் போறானேன்னு தொப்பிய இறக்கிக்கிட்டேன். இத்தன வருஷத்துல இப்பிடி நாலே பேரத்தான் பாத்திருக்கேன். மத்த மூணு பேரு யாருன்னு கேட்டா, ஆட்டமே பாக்காத உனக்கும் தெரியும்."

மறுபடி சத்தம். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் போட நிறுத்தினார், அணைக்க மறந்து மறுபடி ஏறினார். பேசினார், நிறுத்தினார், பேசினார்.

"நாலு புள்ளி எட்டு போட்டுட்டேன். உயரம்லாம் சும்மா. கெஸிங்கருக்குப் பயந்துதான் போட்டேன். அளவுகோல முழுங்கினவன் அவன். அவன் மியாவ்னு சொல்றது காதுல கேட்டுது, போட்டுட்டேன். பாத்தது ஒண்ணு, எழுதினது ஒண்ணு. அப்புறம் நான் எதுக்கு நதீன்? கெளம்பும்போது அந்தப் பையன், 'எவ்வளவு போட்டீங்க சார்'னான். சொல்லக்கூடாது தம்பின்னேன். 'அப்ப கம்மிதான்'னு சிரிச்சான். சிரிச்சுட்டு, பழக்கதோஷத்துல மறுபடி வண்டி மெத்தையில போய்ப் படுத்துக்கிட்டான்."

டேப் முடிந்து தானாக 'டக்' என்று நின்றது. வெளியே வயல் முழுக்க மழை விழுந்துகொண்டிருந்தது. அடுப்பில் வைத்த காபி சுண்டிப்போயிருந்தது.

அப்புறம் டேப்பைப் பின்னால் ஓட்டி, புதுத் தாள் செருகி, அவர் எனக்குச் சொன்னதையும் அடிக்க ஆரம்பித்தேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மெத்தை, ஜாம், மடைத் தண்ணீர், அழுகை, அளவுகோலை முழுங்கினவன், எல்லாம். பேசாத இடங்களில் கோர்ட் வழக்கப்படி 'மௌனம், கார் துடைப்பான் சத்தம்' என்று அடித்தேன். மொத்தம் பதினோரு பக்கம் வந்தது. பயந்து போட்டேன் என்கிற இடம் ஒன்பதாம் பக்கத்தில். அவர் வேலையே போகலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பையனுக்காகச் செய்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பழைய குரல்காரர் எனக்குத் திரும்ப வேண்டும், அதற்காகச் செய்தேன். மழையோடு என் காரை எடுத்துப்போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கெஸிங்கர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸஸ் ஸ்டபில்ஃபீல்ட், என்னம்மா இது?"

"டேப்புல இருந்தது சார்."

"நான் அளவுகோல முழுங்கினவன்னு இருக்கு."

"அதுவும் டேப்புல இருந்ததுதான்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, கோபமா இல்லையா என்று பிடிபடாத குரலில், "ஞாயித்துக்கிழமை வந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு ஓர்வில் வந்தார். கெஸிங்கர் கூப்பிடச் சொன்னார் என்றேன், எதற்கு என்று சொல்லவில்லை. அந்த ஒன்றில் எனக்கும் தைரியம் போதவில்லை. கூடத்தில் நின்று அவர் பேசினார். நான் சமையலறையில் பீக்கன் கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தேன். 'சரி' என்றார். 'ம்' என்றார். மறுபடி 'சரி'. வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எத்தன பக்கம் அடிச்சே?"

"பதினொண்ணு."

"கடைசிச் சுத்து வரைக்கும் யாரும் எடுக்காம மிச்சமிருந்தா அந்தப் பையன எடுத்துக்கறானாம். செப்டம்பர்ல அணில நிக்கறவங்க பட்டியல் போடுவாங்க, அதுல அவன் பேரு இல்லன்னா, என்னையும் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவானாம்."

நான் கொட்டை உடைப்பதை நிறுத்தினேன். "நீ பாத்தது நெசம்தானே? அப்ப என்ன பயம்?"

"பயம் இல்ல" என்றார். மேஜைமேல் கிடந்த ஓடுகளை ஒரு விரலால் நகர்த்தி ஒன்றாகச் சேர்த்தார். "அது உனக்குச் சொன்னது நதீன்."

அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன், அந்தக் கலையில் நான் அவருக்கு நாலு படி மேல். எழுந்து போய் வெளுத்த மூட்டையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

அடுத்த செவ்வாய் டேப் வந்தது. ஆறு பையன்கள். ஆறாவது முடிந்ததும் 'டக்'. அதற்கு அடுத்த வாரமும் 'டக்'. நன்றி சொல்லும் பண்டிகை வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டில் இருக்கும்போது உப்புக் கேட்டார், கூரைக்காரனுக்குப் போன் செய்தார், சர்ச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். யாராவது பார்த்தால் எங்களுக்குள் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் டேப்பில் நான் இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் கடைசிப் பையனுக்கு அப்புறம் வெறும் டேப்பை முடிவு வரை ஓடவிட்டுக் கேட்டேன். ஸ்ஸ் என்ற சத்தம் மட்டும் வரும். பனிமூட்டமே பேச ஆரம்பித்தால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். அதைக் கேட்டபடியே தூங்கிப்போவேன். கனவில் கால்கள் வரவில்லை. தண்ணீர் மட்டும் கிடந்தது. ஒருநாள் முழித்ததும் தட்டச்சு இயந்திரத்தின்மேல் தலை வைத்து நன்றாக அழுதேன். அவர் தாள்மேல் பொய் எழுதினார், நான் நிஜத்தைத் தாள்மேல் எழுதினேன், இரண்டில் எது பெரிய துரோகம் என்று எனக்கு இன்றுவரை தீர்க்கத் தெரியவில்லை.

அதில் ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. டேப்புகள் மறுபடி மாறிவிட்டன. ஒரு பையனை 'இவன் சோம்பேறி, ஆனா தூக்கத்துல எழுப்பினாக்கூடப் பந்தப் பிடிப்பான்' என்றார். இன்னொருவனை 'ஊரெல்லாம் புகழற இவன் முழங்கால் ரெண்டு வருஷம் தாங்காது, வேண்டாம்' என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை. அடித்து அனுப்பினேன், இரண்டிரண்டு பக்கமாக.

மே மாதத்தில் அணிகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் நாள் வந்தது. கெஸிங்கர் மூன்றாம் சுற்றிலேயே ஆறடி ஒரு அங்குலம் இருக்கும் ஒரு கார்னர்பேக்கை எடுத்துக்கொண்டார். கடைசியான பன்னிரண்டாம் சுற்று மறுநாள் வந்தது. அதுவரை ஆர்டெல் மெட்டோயரை யாரும் எடுத்திருக்கவில்லை, அதனால் அவன் எங்களுக்கு வந்தான். ஓர்வில் போனை வைத்துவிட்டு வயல் வரப்பில் நடக்கப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூரத்தில் ஓரிடத்தில் நின்று, தொப்பியை இறக்கிக்கொண்டார்.

ஜூலையில் முகாம். அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. ஆகஸ்டில் ஓர்வில் எப்போதும்போல் காரை எடுத்தார், கடைசி வருஷமாக இருக்கலாம் என்று இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லவில்லை. செப்டம்பர் முதல் திங்கள் அவர் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. கேட்டுவிட்டு, கூடத்திலிருந்தே, சமையலறையில் இருக்கும் எனக்கு என்று இல்லாமல் வீட்டுக்கே பொதுவாகச் சொல்வது மாதிரி, "இருக்கான்" என்றார். பட்டியலில் கடைசிப் பெயர்.

அந்த ஞாயிறு எங்கள் வட்டாரத்து டிவியில் அதிசயமாக அந்த அணியின் ஆட்டத்தைப் போட்டார்கள். ஓர்வில் சோபாவின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில் பின்னல் வேலையோடு. ஆர்டெல் வெளியே பெஞ்சில் இருந்தான். பாதி ஆட்டத்துக்குமேல் போன பிறகு அந்த ஆறடி ஒரு அங்குலம் நொண்டிக்கொண்டு வெளியே வந்தது. குட்டையாக ஒருவன் உள்ளே ஓடினான். ஹெல்மெட்டும் தோள்கவசமுமாகப் பார்க்க அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தான்.

டிவியில் வர்ணனை சொல்கிற ஆள் சிரித்தான். "இவரோட உயரத்தப் பாருங்க" என்று ஆரம்பித்தான்.

ஓர்வில் எழுந்தார். டிவியின் சத்தத்தை அணைத்தார். பின்னறைக்குப் போய் என் தையல் பெட்டியைக் குடைகிற சத்தம் கேட்டது. மாதிரிக் காகிதமும் ஒட்டும் டேப்புமாக வந்து, டிவித் திரையின் மேல்பாதிக்குக் குறுக்கே காகிதத்தை ஒட்டினார். கோணலாகத்தான் ஒட்டினார். திரும்பி வந்து, அந்தக் கோடியில் உட்காராமல் நடுவில் உட்கார்ந்தார்.

பழுப்புக் காகிதத்துக்குக் கீழே பச்சை மட்டும் தெரிந்தது. அதில் நிறையக் கால்கள். ஒரு கணம் எல்லாம் அசையாமல் நின்றன. பிறகு எல்லாக் கால்களும் முன்னால் பாய்ந்தன. இடது ஓரத்தில் இரண்டு கால்கள் மட்டும் பின்பக்கமாக, அவசரமில்லாமல், எதன்மேலோ மிதக்கிற மாதிரி போயின. எனக்கு அவற்றைத் தெரியும். எத்தனை தடவை கனவில் கண்டிருக்கிறேன்.

"நதீன்" என்றார். "பாக்கறியா?"

"பாக்கறேன்."

"அந்த இடது காலப் பாரு. இப்ப ஒண்ணும் இல்ல. இப்பவும் இல்ல. இப்ப..."

திரும்பியது. நான் எத்தனை ஆயிரம் தடவை 'இடுப்பு' என்று அடித்திருப்பேன், அது என்னவென்று அன்றுதான் பார்த்தேன். பந்து அந்தப் பக்கம் வரவில்லை. அன்று முழுக்க ஒருமுறைகூட வரவில்லை.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அடுத்தது பார், அந்தக் குதிகால் தரையைத் தொடவே இல்லை பார் என்றார். பிறகு அந்தப் பென்சில் கோட்டைப் பற்றிச் சொன்னார். போன நவம்பரில் நாட்செஸில் அந்தக் கேட்ஃபிஷ் கடை தீப்பிடித்ததைச் சொன்னார். என் அம்மா கனவில் வந்து தன்னைத் திட்டியதைச் சொன்னார். ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்த அத்தனையும், நான் பக்கத்தில் இருக்கும்போதே, என் முகத்தைப் பார்த்தே சொன்னார். யார் ஜெயித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, ஸ்கோர் காகிதத்துக்குப் பின்னால் இருந்தது.

வெளியே வயலில் வெளிச்சம் சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூட நான் எங்கும் அடித்து வைக்கவில்லை.